தோற்கத் தெரிந்த நரிகள்

பனி மூடிய ஒரு மலைக்காட்டில் பெரிய ஏரி ஒன்று இருந்தது. குளிர்காலத்தில் அது கல்லாக உறைந்துவிடும். மான், ஓநாய், நரி, வரையாடு என நான்கு அணிகள் கோப்பைக்காக அதன்மேல் ஹாக்கி ஆடும்.

ஆண்டுதோறும் புதிதாக ஆட வருபவர்களில் சிறந்தவரை எந்த அணி முதலில் எடுப்பது? இதற்கு நடுவர் கரடியார் ஒரு வழி வைத்திருந்தார். ஓர் அணி தோற்கும் ஒவ்வொரு முறையும் அதன் அடையாளமிட்ட கொட்டை ஒன்று சுரைக்குடுக்கையில் விழும். கடைசியில் கரடியார் கண்ணை மூடி ஒரு கொட்டையை எடுப்பார். யாருடைய கொட்டையோ, அந்த அணிக்கே முதல் உரிமை. பலவீனமான அணி பிழைக்கட்டும் என்பது அவர் எண்ணம்.

அந்த ஆண்டு மின்னி என்ற நீர்நாய் ஆட வந்தாள். அவளைப் போல் வேகமாகச் சறுக்குபவர் காட்டிலேயே இல்லை.

"ஜெயித்தால் கைதட்டல்தான் கிடைக்கும். தோற்றால் மின்னியே கிடைப்பாள்!" என்றான் நரித் தலைவன் நயவன்.

கடைசி ஆட்டம் நரிகளுக்கும் வரையாடுகளுக்கும். இளைய ஆடு ஒன்று தலைவி வெண்கொம்பியிடம் வந்தது.

"அக்கா, நாமும் தோற்றுவிடலாமே?"

"பார்க்க வந்தவர்களை ஏமாற்றவா இத்தனை நாள் பழகினோம்? மட்டையை எடு!" என்றாள் அவள்.

வரையாடுகள் உயிரைக் கொடுத்து ஆடின. நரிகளோ தங்கள் வலைக்குள் தாங்களே கோல் அடித்துக்கொண்டன. கரையில் நின்ற மான்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

குடுக்கையிலிருந்து நரிகளின் கொட்டையே வந்தது. மின்னி தலைகுனிந்தபடி நயவன் பின்னால் நடந்தாள்.

வெண்கொம்பி நேராகக் கரடியாரிடம் போனாள். "ஐயா, உங்கள் கை சுத்தமானது. தோல்விக்குப் பரிசு வைத்ததுதான் தவறு."

"வேறு எப்படிப் பலவீனமானவர்களுக்கு உதவுவது?"

"கோப்பைக்கு இனி வழியில்லை என்றான பிறகு, ஓர் அணி ஜெயிக்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதன் கொட்டை ஒன்று போடுங்கள். பலவீனமான அணிதான் முதலில் வாய்ப்பை இழக்கும். அதற்குத்தான் ஆட்டங்களும் அதிகம் மிஞ்சும்."

கரடியார் தலையசைத்தார். "அப்படியே ஆகட்டும்" என்றார்.

நயவன் சிரித்தான். "முதலில் தோற்போம், பிறகு ஜெயிப்போம். இதுவும் நமக்கு லாபம்தான்!"

மறு ஆண்டு, தோற்க மறுத்த மின்னியை அவன் கரையில் உட்காரவைத்தான். நரிகள் வரிசையாகத் தோற்று, மற்ற எல்லா அணிகளுக்கும் முன்பே கோப்பை வாய்ப்பை இழந்தன. இன்னும் எட்டு ஆட்டங்கள் இருந்தன.

"இனி ஜெயியுங்கள்!" என்று கத்தினான் நயவன். மின்னியையும் இறக்கினான்.

ஆனால் ஓடவேண்டிய கால்கள் தயங்கின. வலை காத்த நரி, பழக்க தோஷத்தில் விலகி வழிவிட்டது. மின்னி தனியாளாக இரண்டு கோல் போட்டாள். அணி ஐந்து கோல் வாங்கியது. எட்டு ஆட்டங்களும் அப்படியே போயின.

வரையாடுகளும் அந்த ஆண்டு கோப்பை வாய்ப்பை இழந்தன. அவற்றுக்கு மிஞ்சியவை மூன்றே ஆட்டங்கள். மூன்றையும் மூச்சிரைக்க ஆடி ஜெயித்தன.

கரடியார் குடுக்கைக்குள் கைவிட்டார். வரையாடுகளின் கொட்டை வந்தது.

"எங்கள் கொட்டை அடியில் கிடக்கும், நன்றாகத் தேடுங்கள்!" என்றான் நயவன், பழைய நினைப்பில்.

கரடியார் குடுக்கையைக் கவிழ்த்துக் காட்டினார். நரிகளின் கொட்டை ஒன்றுகூட விழவில்லை.

நீதி: வேண்டுமென்றே தோற்கப் பழகியவரால், வேண்டும்போது வெல்ல முடியாது.