ஆறுதல் சொன்ன மயில்

ஓடை ஒன்று குறுக்கே ஓடிய ஒரு காட்டில் ஒரு மயில் இருந்தது. யாருக்கு என்ன துன்பம் வந்தாலும் அது முதல் ஆளாக வந்து நிற்கும். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, "எல்லாம் நல்லதற்குத்தான்" என்று சொல்லும். பிறகு போய்விடும். குழந்தைகளே, நீங்களும் அப்படி ஓர் ஆளைப் பார்த்திருப்பீர்கள்.

ஓடையைக் கடக்க அங்கே ஒரே வழிதான். குறுக்கே விழுந்து கிடந்த ஒரு பழைய மரம். அதன் நடுப்பகுதி உளுத்துப் போயிருந்தது.

ஒரு நாள் முயல் அதிலிருந்து வழுக்கி ஓடைக்குள் விழுந்தது. காதுவரை சேறு.

"நீ குளித்து எத்தனை நாளாயிற்று, தம்பி? எல்லாம் நல்லதற்குத்தான்" என்றது மயில்.

எல்லா விலங்குகளும் சிரித்தன. முயலும் சிரித்து வைத்தது.

அடுத்து விழுந்தது சருகுமானின் குட்டி. உளுத்த பொந்துக்குள் அதன் பின்னங்கால் சிக்கி முறிந்தது. தாய்தான் முட்டி முட்டி அதைக் கரை சேர்த்தது.

மயில் வந்தது. கழுத்தைச் சாய்த்தது. "துள்ளித் துள்ளி ஓடுகிற பிள்ளை. இனி உன் பக்கத்திலேயே கிடக்கும். பெற்றவளுக்கு வேறென்ன வேண்டும்? எல்லாம் நல்லதற்குத்தான், அம்மா."

சருகுமான் குட்டியை நிழலில் கிடத்தியது. நேராகக் காட்டுப்பன்றியிடம் போனது.

"அண்ணே, மேட்டில் நல்ல மரம் ஒன்று விழுந்து கிடக்கிறது. நீங்கள் நாலு தள்ளு தள்ளினால் உருண்டு வந்து ஓடைமேல் படுத்துக்கொள்ளும். மேய்ச்சல் அக்கரையில்தான் இருக்கிறது. இந்தக் குட்டியோடு நான் எப்படிப் போவேன்?"

பன்றி சேற்றில் சுகமாகப் படுத்திருந்தது. "மயில்தான் சொல்லிவிட்டதே, அம்மா. நல்லதற்கு நடந்ததை நாம் போய்க் கெடுக்கலாமா?"

பன்றிக்கு மயிலின் பேச்சு எப்போதுமே பிடிக்கும். அதில் வேலை எதுவும் இல்லை.

"மயில் என்றைக்காவது அந்த மரத்தில் கால் வைத்திருக்கிறதா, அண்ணே? அது பறந்தல்லவா போகிறது?" என்று கேட்டது சருகுமான்.

குறட்டைதான் பதிலாக வந்தது.

மழைக்காலம் பிறந்தது. ஒரு மாலை, இக்கரையில் புற்றைக் கிளறிக் கரையான் தின்றுகொண்டிருந்த மயில் பெருமழையில் தொப்பலாக நனைந்தது. தோகை கல்லாய்க் கனத்தது. பறக்கப் பார்த்தது, ஒரு முழம்கூட எழும்ப முடியவில்லை. இரவில் தரையில் தங்கினால் சிறுத்தை விடாது. நடந்தே ஏறக்கூடிய சாய்ந்த மரம் அக்கரையில்தான் இருந்தது.

வேறு வழியில்லாமல் மயில் உளுத்த மரத்தில் கால் வைத்தது. நடுவில் போனதும் மரம் மளுக்கென்று முறிந்தது. மயில் ஓடைக்குள் விழ, முறிந்த முனையில் தோகை மாட்டிக்கொண்டது. வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது.

"ஐயோ, காப்பாற்றுங்கள்!"

விலங்குகள் ஓடி வந்தன. சருகுமான் கரையோரம் வந்து நின்றது. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தது.

"பதறாதீர்கள், மயிலண்ணா. இதில் என்ன நன்மை என்று முதலில் பார்ப்போம்."

"என்னது?"

"அண்ணன் குளித்து எத்தனை நாளாயிற்றோ!" என்றது முயல், மிகுந்த சந்தோஷத்துடன்.

"தோகை பிய்ந்துபோனால் பாரம் குறையும்" என்றது சருகுமான். "இனி நீங்களும் எங்கள் பக்கத்திலேயே கிடப்பீர்கள்."

தண்ணீர் மயிலின் கழுத்துக்கு வந்துவிட்டது.

"நன்மையாவது மண்ணாங்கட்டியாவது! மேட்டில் மரம் கிடக்கிறதே, அதை உருட்டித் தொலையுங்களேன்!"

"எந்த மரம், அண்ணா?"

"உன் குட்டி விழுந்தபோதே பார்த்தேனே, அந்த மரம்தான்!"

விலங்குகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

சருகுமான் பன்றியின் பக்கம் திரும்பியது. "கேட்டீர்களா, அண்ணே? மயிலே சொல்லிவிட்டது."

பன்றியால் அதற்குமேல் தட்டிக்கழிக்க முடியவில்லை. முனகிக்கொண்டே மேட்டில் ஏறி நாலு தள்ளு தள்ளியது. மரம் உருண்டு வந்து ஓடைமேல் படுத்துக்கொண்டது. மயில் அதைப் பற்றித் தொற்றி ஏறியது. பாதித் தோகை தண்ணீரோடு போயிற்று.

மறுநாள் காலை வெயில் வந்தது. மயில் சாய்ந்த மரத்தின் உச்சியில் அமர்ந்து மிச்ச இறகுகளை உலர்த்திக்கொண்டிருந்தது. கீழே விலங்குகள் புது மரத்தின்மேல் போய்வந்துகொண்டிருந்தன. மயில் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"பார்த்தீர்களா? நான் விழுந்ததால்தானே உங்களுக்குப் பாலம் கிடைத்தது? எல்லாம் நல்ல..."

"என் குட்டியும் விழுந்தது" என்றது சருகுமான், அண்ணாந்து பார்க்காமலே. "அன்றைக்குப் பாலம் வரவில்லை."

குட்டி நொண்டி நொண்டிப் புது மரத்தைக் கடந்துகொண்டிருந்தது.

நீதி: அடி அடுத்தவர்மேல் விழும்போதுதான் எல்லாம் நல்லதற்கு.