வலது காலுக்குச் செருப்பில்லை

“நின்னா செத்துருது” என்றார் தங்கப்பழம்.

ரெஜினா தலையைத் தூக்கவில்லை. பழைய கார்களுக்குக் கார்புரேட்டர் பார்ப்பவள். பாளையங்கோட்டையில் மற்ற மெக்கானிக்குகளும் அவளிடம் வந்துதான் கேட்பார்கள். கேட்டதற்குப் பதில் வருமா என்பது வேறு விஷயம்.

“ஓடுனா?”

“ஓடுனா ராஜா மாதிரி.”

“அப்ப ஓட்டுங்க.”

“ஏம்மா, என் பொழப்பே நிக்கிறதுலதான இருக்கு?”

உண்மைதான். அது மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற கார். நாயனமும் தவிலும் முன்னே போகும். மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு கார் பின்னால் ஊர வேண்டும். மேளக்காரர்கள் தெருமுனையில் நின்று வாசித்தால் காரும் நிற்க வேண்டும். கார் நின்றாலும் இஞ்சின் ஓட வேண்டும்.

போன முகூர்த்தத்தில் கோயில் வாசலில் அணைந்துவிட்டது. ஆட்கள் தள்ளினார்கள். பெண்ணின் பெரியப்பா, சகுனமே சரியில்லை என்றார். மாப்பிள்ளை இறங்கி நடந்தார். பேசி வைத்திருந்த மற்ற வீட்டாரும் அதோடு வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள்.

“இன்னைக்குச் சாயங்காலம் ஒண்ணு இருக்கு. இதுலயும் அணைஞ்சா அப்புறம் எவனும் கூப்பிட மாட்டான். நீ சரி பண்ணித் தர வேண்டாம். எனக்குச் சொல்லிக் குடு. நானும் ஸ்பேனர் பிடிக்கிறவன்தான்.”

“என்ன செஞ்சீங்க?”

“மிக்சர் ஸ்க்ரூவை உள்ள திருகினேன், வெளிய திருகினேன். காத்தும் பெட்ரோலும் எப்படிக் கலந்தாலும் ஒரே மாதிரி கத்துது. நான் சொல்றத அது கேக்கவே மாட்டேங்குது.”

“ஸ்பீடு ஸ்க்ரூ?”

“நிக்கும்போது வேகம் குறையாம அத ஏத்தி வச்சிருக்கேன். அணைஞ்சுறக் கூடாதுல்லா?”

“அப்பயும் அணையுதா?”

“அப்பப்ப. இன்னும் கொஞ்சம் ஏத்துவேன்.”

அவள் அப்போதுதான் நிமிர்ந்தாள்.

“இஞ்சின் சூடா இருக்கா?”

“வீட்ல இருந்து ஓட்டிட்டுத்தான வாறேன்.”

“பானட்டத் தொறந்துட்டு வண்டியப் போடுங்க.”

கார் அலறியது. எதிர்த்த தையல் கடையில் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்கள்.

ரெஜினா ஸ்பீடு ஸ்க்ரூவைத் தளர்த்தினாள். அலறல் குறைந்தது. இன்னும் தளர்த்தினாள். இஞ்சின் குலுங்கியது.

“போதும்மா, போதும்.”

இன்னும் தளர்த்தினாள். அணைந்தது.

தங்கப்பழத்துக்குக் கோயில் வாசல் கண்ணுக்கு முன்னால் வந்து போனது.

“செத்துப் போச்சே.”

“திரும்பப் போடுங்க.”

போட்டார். அணைந்தது. போட்டார். அணைந்தது.

“என்ன, கேலி பண்றியா?”

“அதுக்கு எனக்கு நேரமில்ல அண்ணாச்சி. போடுங்க.”

இந்தத் தடவை நகக்கண் அளவு ஏற்றினாள். இஞ்சின் நொண்டி நொண்டி உயிரைப் பிடித்துக்கொண்டது. இறங்கி வந்த அவர் கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தாள்.

“இப்ப மிக்சர். மெள்ள.”

உள்ளே திருகினார். இஞ்சின் இருமியது. பயந்துபோய் வெளியே திருகினார். சத்தம் சீரானது. இன்னும் வெளியே. கனத்துப்போய்த் தொப்பு தொப்பென்று அடித்தது. கை தன்னால் கொஞ்சம் திரும்பி வந்தது. சீரானது.

நம்பாமல் மறுபடியும் செய்து பார்த்தார். ஒவ்வொரு திருகலுக்கும் அது பதில் சொன்னது.

“கேக்குதே.”

ரெஜினா கையைத் துடைத்தாள்.

“நேத்து வரைக்கும் ஏன் கேக்கல?”

“நேத்து வரைக்கும் ஸ்பீட ஏத்தி வச்சுக் கத்திட்டு இருந்தது யாரு? அதுவா?”

அவர் யோசிப்பதற்குள் அவள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

“தெருமுனை வரைக்கும் விடுங்க. மேளத்துக்குப் பின்னால போற மாதிரி.”

கார் ஊர்ந்தது.

“நிறுத்துங்க.”

நிறுத்தினார். இஞ்சின் ‘உர்ர்’ என்றது.

“மிதிச்சது யாரு?”

“நான் மிதிக்கலையே.”

“அப்ப பேயா?”

கொஞ்ச தூரம் போனார்கள்.

“நிறுத்துங்க.”

‘உர்ர்.’

இரண்டு பேரும் குனிந்து அவருடைய வலது காலைப் பார்த்தார்கள். பிரேக்கை மிதித்து முடித்த கால், நழுவிப்போய் ஆக்சிலேட்டரின் மேல் உட்கார்ந்திருந்தது.

“பழக்கம்” என்றார். “அணைஞ்சுறக் கூடாதேன்னு...”

“வலது செருப்பக் கழட்டி வச்சுட்டுப் போங்க.”

“எங்க?”

“என் கடையில.”

“கல்யாண வீட்டுக்கு ஒத்தச் செருப்போடயா போவேன்?”

“நடக்கப் போறது மேளக்காரங்க. நீங்க இல்ல. நாளைக்கு வந்து எடுத்துக்குங்க.”

“சரி. அணைஞ்சுருச்சுன்னா?” கடைக்குத் திரும்பி, வலது செருப்பைக் கழற்றியபடி கேட்டார்.

அவள் அடுத்த கார்புரேட்டரைப் பிரிக்க ஆரம்பித்திருந்தாள்.

மறுநாள் காலையில் வந்தார். வலது கால் வெறுங்கால்.

“வைகாசிக்கு இன்னொரு வீட்ல பேசிட்டாங்க” என்றார்.

“மாப்பிள்ளை?”

“தூங்கிட்டாரு. ரெண்டாவது தெரு கூடத் திரும்பல, தலை சாஞ்சுட்டு.”

“கால்?”

“வெறுங்கால் பெடல்ல பட்டதும் உன் மூஞ்சிதான் ஞாபகம் வருது. எடுத்துக் கீழ வச்சுருவேன்.”

“அணைஞ்சுதா?”

தங்கப்பழம் தெருவைப் பார்த்தார்.

“ஒரு தடவ.”

“எங்க?”

“அதே கோயில் வாசல்ல.”

ரெஜினா கையில் இருந்த வேலையை நிறுத்தினாள்.

“போட்டேன். ஓடுச்சு.”

“யாரு பாத்தா?”

“தவில்காரர் மட்டும் திரும்பிப் பாத்தாரு.”

“என்ன சொன்னாரு?”

“அவரு என்ன சொல்ல? அவரும் வாசிப்ப நிறுத்திட்டு, தவில்ல தளந்த வாரை இறுக்கிட்டு இருந்தாரு.”

ரெஜினா மறுபடி குனிந்துகொண்டாள்.

“செருப்பு பெஞ்சுக்கு அடியில இருக்கு” என்றாள்.