துண்டு விரித்த நாற்காலி

முதல் வருஷத்தில் எந்தத் துறைக்காரரானாலும் கட்டாயம் படிக்க வேண்டிய பாடம் அரசியலமைப்பு. எங்களுக்கு எடுத்தவர் ஞானசிகாமணி சார். அவர் நாற்காலியில் எப்போதும் வெள்ளைத் துண்டு விரித்திருக்கும். அதைத் தொடக்கூட எங்களுக்குத் தைரியம் கிடையாது.

ஒருநாள் தாவரவியல் மாரிச்செல்வி பக்கத்துப் பெண்ணிடம் பேசி மாட்டிக்கொண்டாள்.

"வாயாடி! முடியாட்சிக்கும் குடியாட்சிக்கும் என்ன வித்தியாசம்? வாயைத் திறக்காமலே சொல்லணும். இல்லேன்னா இன்டர்னல் மார்க் முட்டைதான்" என்றார் கரும்பலகை அருகே நின்றிருந்த சார்.

அவள் விறுவிறுவென்று மேடையேறி, அந்த நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

"யாரைக் கேட்டு அங்கே உட்கார்ந்தே?" என்று சார் கத்தினார்.

யாரையும் கேட்கவில்லை என்று தலையாட்டினாள். முடியாட்சி முடிந்தது.

உடனே எழுந்து கீழே வந்தாள். சாரைக் காட்டினாள், நாற்காலியைக் காட்டினாள், எங்களைப் பார்த்துத் தன் கையை உயர்த்திக் காத்திருந்தாள்.

ஒரு கையும் அசையவில்லை. சார் முதல்தடவையாக எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கடைசி பெஞ்சில் ஒரு கை எழுந்தது. அப்புறம் வகுப்பு முழுக்கக் கைகள்.

சார் துண்டை எடுத்துத் தோளில் போட்டு, ஜெயித்த வேட்பாளர் போல எங்களைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"இப்ப வாயைத் திறந்தே சொல்லும்மா. நான் எதுவரைக்கும் உட்காரலாம்?"

"மணி அடிக்கிற வரைக்கும், சார்."