லியோனியின் மூச்சு

"மாஸ்டர், நான் பாடும்போது எல்லாரும் கண்ணை மூடிக்கிறாங்க."

பெர்நாதெத் இதைச் சொன்னபோது ஞானு மாஸ்டர் காலி அரங்கின் மேடையில் உட்கார்ந்து தன் அக்கார்டியன் பெட்டியின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டருக்கு முப்பத்தோரு வயது. சிஷ்யைக்கு நாற்பத்தாறு. அதனால் அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரை மாஸ்டர் என்பாள்.

"தூங்குறாங்களோ?"

"இல்ல, அழுவுறாங்க."

"நல்லதுதானே அக்கா."

"மூடிக்கிட்டு அழுவுறாங்க. போன வருஷம் ஒருத்தர்கிட்ட கேட்டுட்டேன். 'கண்ணை மூடினா அப்படியே லியோனி. திறந்தா நீ நிக்கிற'ன்னார்."

மாஸ்டர் சிரித்துவிட்டார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

லியோனி என்பவள் பிரான்ஸ் தேசத்துப் பாடகி. செத்து நாற்பது வருஷம் ஆகிறது. காரைக்காலில் பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்குகிற பெரியவர்களுக்கு அவள் பாட்டென்றால் உயிர். அவர்களுக்காக ஊர் நாடக அரங்கில், வருஷத்துக்கு ஒரு மாலை, மேஜை நாற்காலி போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, லியோனியின் பாட்டை மட்டும் பாடுவார்கள்.

ஏழு வருஷமாகப் பாடுவது பெர்நாதெத்துதான். லியோனி போட்ட அதே கறுப்பு கவுன். அதே மாதிரி இடுப்பில் ஒரு கை.

நிகழ்ச்சியை நடத்துகிற அமலோர் கறாராகச் சொல்லியிருந்தார்: "ரெக்கார்டுல இருக்கிற மாதிரியே வேணும். ஒரு இம்மி மாறினாலும் அடுத்த வருஷம் வேற ஆளு."

"ஒரு தடவையாவது அவங்க என்னைப் பார்க்கணும் மாஸ்டர்," என்றாள் பெர்நாதெத். " அதுக்காக இந்த மேடை போயிடவும் கூடாது."

"பாடுங்க அக்கா."

பாடினாள். மாஸ்டர் வாசித்தார், கண்ணை மூடிக்கொண்டு.

"நீங்களுமா?"

"அப்படியே லியோனி," என்றார். இன்னும் திறக்கவில்லை. "மூணாவது வரி முடியறதுக்குள்ள மூச்சு எடுத்தீங்களே, ஏன்?"

"அங்கதான் அவங்க எடுப்பாங்க."

"உங்களுக்கு மூச்சு தீர்ந்துபோச்சா?"

"இல்ல."

"அவங்களுக்கு மட்டும் ஏன் தீர்ந்துச்சு?"

பெர்நாதெத் யோசித்தாள். ஏழு வருஷத்தில் இது அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"தெரியலையே. சளி பிடிச்சிருந்துச்சோ என்னவோ."

"மாடிப்படி ஏறி வந்திருப்பாங்களோ?"

"யாரு கண்டா."

மாஸ்டர் தோளிலிருந்து அக்கார்டியனைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

"இதைத் தூக்கிக்கிட்டு படியேறி மேல பால்கனி வரைக்கும் போயிட்டு வாங்க."

"பன்னெண்டு கிலோ இருக்கும். விளையாடுறீங்களா?"

"ரெண்டு தடவை."

போனாள், வந்தாள். மறுபடி போனாள், வந்தாள். அக்கார்டியனைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள்.

"பாடுங்க."

"இப்பவா?"

"இப்பதான்."

முதல் வரியிலேயே ஒரு சொல் பாதியில் அறுந்தது. மூச்சை இழுத்து மிச்சத்தைப் பாடினாள். அடுத்த வரி இன்னும் மோசம். நிறுத்திவிட்டாள்.

"தப்பாப் போச்சு மாஸ்டர்."

நிமிர்ந்தாள்.

மாஸ்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணை எப்பத் திறந்தீங்க?"

"டீ சொல்லட்டுமா அக்கா?" என்றார் மாஸ்டர்.

சனிக்கிழமை மாலை அரங்கம் நிறைந்திருந்தது. விளக்கு தணிந்தது. பெர்நாதெத் முதல் வரியைத் தொடங்கியதும் மேஜை மேஜையாகக் கண்கள் மூடின.

மூன்றாவது வரியில் லியோனி மூச்சு எடுக்கிற இடம் வந்தது.

பெர்நாதெத்திடம் இன்னும் மூச்சு இருந்தது.

தாண்டிப் போனாள். நான்காவது வரியில், ஒரு சொல்லின் நடுவே, தீர்ந்தது. வாயைத் திறந்து, அரங்கத்துக்கே கேட்கும்படி இழுத்தாள்.

திரை ஓரத்தில் நின்ற அமலோர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பெர்நாதெத் ஐந்தாவது வரிக்குப் போனாள்.

இரண்டாவது மேஜையிலிருந்த பெரியவர் ஒருவர் கண்ணைத் திறந்தார். சட்டைப் பையைத் தடவி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மேடையைப் பார்த்தார். பிறகு, பக்கத்தில் கண்மூடி உட்கார்ந்திருந்த மனைவியின் முழங்கையைத் தட்டினார்.

"ஏய், இது யாருன்னு பாரேன்."