இருபத்தோரு நாள் முட்டை

நத்தைக்குடியில் முட்டாள்கள் யாரும் கிடையாது. சந்தேகம் இருந்தால் நத்தைக்குடிக்காரர்களையே கேட்கலாம். ஊர் கூடி, நன்றாக ஆலோசித்து, ஒரே குரலில் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்த ஊரில் ரேஷன் கடை கட்டினார்கள். சிமெண்டுக் கல் சுவர் நான்கும் எழும்பிவிட்டன. கூரை போட உத்திரம் வேண்டும். உத்திரத்துக்கு மரம் வேண்டும். அத்தனை நீள மரம் ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது குப்பாண்டி வீட்டு முன்னால், புறம்போக்கில் நின்ற இலுப்பை மரம்.

குப்பாண்டியுடைய பதினோரு கோழிகளும் பொழுது சாய்ந்தால் அந்த மரத்தில்தான் அடையும். மரம் போனால் கோழியைக் கீரி கொண்டுபோகும். கோழி போனால் முட்டை விற்றுப் பிழைக்கிற பிழைப்பும் போகும்.

அந்தச் சமயத்தில்தான் கட்டடத்தைப் பார்க்க இன்ஜினியர் தமயந்தி வந்தார்.

"மரத்த ஏன் வெட்டுறீங்க? கூரையக் கான்கிரீட்ல போடுங்க. ஒரு மரம் மிச்சம். கரையான் அரிக்காது, தீப்பிடிக்காது. வெயில் சட்டுனு உள்ள இறங்காது. காத்துல இருக்கிற கெட்ட புகையக்கூடக் கொஞ்சங் கொஞ்சமா உள்ள இழுத்துக்கும். பல வருஷம் நிக்கும். பின்னால உடைச்சாலும் ஜல்லியாக்கி ரோட்டுக்குப் போட்டுக்கலாம்."

குப்பாண்டி அவர் காலில் விழப் போனான். ஊர்த்தலைவர் சேவுகப்பெருமாள் அவசரப்படுகிற ஆள் இல்லை. "சரி, போட்டுப் பாப்போம். ஆனா கூரை விழுந்துச்சுன்னா இலுப்பைய வெட்டிருவோம். பேச்சுன்னா பேச்சுதான்" என்றார்.

வாடகைக்குச் சவுக்குக் கழிகள் வந்தன. சுவர்களுக்கு நடுவே அவற்றை வரிசையாக நிறுத்தி, முட்டுக் கொடுத்து, மேலே பலகை பரப்ப வேண்டியதுதான் பாக்கி. தமயந்திக்கு வேறு ஊரிலும் வேலை இருந்தது. வண்டியில் ஏறிக்கொண்டே மூன்று காரியம் சொன்னார்.

"சுவர் ஈரமா இருக்கு, மேல எதுவும் உக்காரக் கூடாது. கான்கிரீட் போட்ட மறுநாள்ல இருந்து ரெண்டு வேளையும் தண்ணி அடிக்கணும். முக்கியமா, இருபத்தோரு நாளைக்கு முட்டை எடுக்காதீங்க. எடுத்தீங்கன்னா கூரை தலையில விழுந்துரும்."

"ஒண்ணுகூடவா எடுக்கக் கூடாது?" என்றான் குப்பாண்டி.

"ஒண்ணே ஒண்ணுகூட."

இருபத்தோரு நாள் என்றதும் குப்பாண்டிக்கு அவர்மேல் மதிப்பு கூடிவிட்டது. கட்டடம் படித்தவர், கோழி அடைகாக்கிற கணக்கையும் சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறாரே!

வீட்டில் அவன் மனைவி செவனம்மா கேட்டாள்: "ஏய்யா, கூரைக்கும் கோழிக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"மரத்துல அடையிறது கோழிதான? அந்த மரத்தக் காப்பாத்தக் கோழியும் ஏதாச்சும் செய்யணும்ல?"

செவனம்மாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. முட்டைக் கூடையைப் பரண்மேல் தூக்கிப் போட்டாள்.

மறுநாள் கழிகளை நிறுத்திப் பலகை அடித்தார்கள். சுவர்மேல் எதுவும் உட்காரக் கூடாது என்றால் கூரையும் உட்காரக் கூடாதுதானே? அதனால் நாலு பக்கமும் சுவரில் படாமல் நாலு விரல் உள்ளே தள்ளிக் கான்கிரீட்டைப் போட்டார்கள்.

பிறகு தண்ணீர் அடித்தார்கள். குப்பாண்டியின் மச்சான் வீரணன் முதல் நாள் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு காலையிலேயே அடித்துவிட்டு வந்து கூரைமேல் படுத்துவிட்டான். தலைவர் விளக்கிச் சொன்ன பிறகு ஆளுக்கொரு குடம் கொண்டுபோய்க் கூரைமேல் ஊற்றி, தேங்கிய தண்ணீரைப் புளியம்விளாரால் விளாசினார்கள். ஊற்றி ஊற்றி அடித்ததில் கான்கிரீட் பாறையாக இறுகியது.

வீரணன் செய்த தப்புக்குப் பரிகாரமாகத் தினமும் சுவரோரம் குந்தி, பீடியைப் பற்றவைத்து, புகையைக் கூரையைப் பார்த்து ஊதினான்.

"இழுக்குதா மச்சான்?" என்று கேட்டான் குப்பாண்டி.

"இல்ல. பெரியவங்க நிக்கிறாங்கல்ல, கூச்சப்படுது."

உடனே தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

பத்தாம் நாள் ஒரு சேதி வந்தது. மரமே இல்லாமல் கட்டுகிற கட்டடத்தைப் பார்க்கத் தமயந்தியோடு பெரிய அதிகாரி ஒருவரும் வரப்போகிறாராம். தலைவர் உள்ளே எட்டிப் பார்த்தார். முகம் இருண்டுவிட்டது.

"மரமே இல்லன்னு சொல்லிட்டு உள்ள ஒரு சவுக்குத் தோப்பையே நிறுத்தி வச்சிருக்கீங்களேடா! அதிகாரி காறித் துப்ப மாட்டாரு?"

"எடுத்துரலாமா தலைவரே?" என்றான் வீரணன்.

"அந்தம்மா எதையோ எடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே?"

"முட்டையத்தான் எடுக்கக் கூடாதுன்னாங்க" என்றான் குப்பாண்டி. "நான் ஒண்ணத் தொடல."

"அப்பக் கழிய எடுக்கலாம்."

கழிகளை ஒரே வடத்தில் பிணைத்து, வெளியே நின்று, தேர் இழுப்பதுபோல ஊரே இழுத்தது. டமார்! புழுதி அடங்கியதும் பார்த்தார்கள். சுவர்கள் அப்படியே நின்றன. கூரை ஒரு விள்ளல்கூட உடையாமல், சுட்ட தோசை மாதிரி தரையில் கிடந்தது.

"இலுப்பைய வெட்டுங்கப்பா" என்றார் தலைவர்.

வீரணன் கோடாலியோடு மரத்தடிக்குப் போய்விட்டான். கிளையில் இருந்த கோழிகள் அவனைப் பார்த்தன. குப்பாண்டி பார்க்க முடியாமல் கண்ணை மூடினான். அவன் வாழ்நாளிலேயே முதல் தடவையாக ஒரு யோசனை வந்தது.

"நில்லு மச்சான்! கூரை விழுந்துச்சுன்னு யாரு சொன்னா?"

"கீழ கிடக்குதேடா!"

"அது இருந்த இடத்துலதான் இருக்கு. சுவர்தான் வளந்துருச்சு."

தலைவர் சுவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சுவரு எப்பிடிடா வளரும்?"

"பத்து நாளா ரெண்டு வேளை குடம் குடமா ஊத்துனோம். வழிஞ்சதெல்லாம் யாரு குடிச்சா? சுவருதான? இத்தன தண்ணிக்கு எதுதான் தலைவரே வளராது?"

வீரணன் கோடாலியை இறக்கினான். "நெசந்தான். நேத்து வரைக்கும் கூரைக்கு ஏணி வச்சு ஏறுனேன். இன்னிக்கு ஏணியே வேண்டியதில்ல. சுவரு மேல போயிருச்சு, கூரை பாவம் அங்கனயே நின்னுருச்சு."

"விழலன்னா வெட்ட முடியாது" என்றார் தலைவர். "பேச்சுன்னா பேச்சுதான்."

இருபத்தோராம் நாள் தமயந்தி அதிகாரியோடு வந்து இறங்கினார். உள்ளே பார்த்தார்.

"முட்டை எடுத்துட்டீங்களா?"

"ஒண்ணுகூட எடுக்கலம்மா!" குப்பாண்டி வேட்டி மடியை விரித்துக் கோழிக்குஞ்சுகளைக் காட்டினான். "எல்லாம் இன்னிக்குத்தான் பொரிச்சுச்சு."

"ஐயோ, முட்டுய்யா! கூரையத் தாங்குற கழி! முட்டு!"

தலைவர் அவரை ஆறுதலாகப் பார்த்துவிட்டு, அதிகாரி பக்கம் திரும்பினார்.

"அம்மா நல்லவங்கதான், கணக்குலதான் கொஞ்சம் தப்பிட்டாங்க. ஒரு மரம் மிச்சம்னு சொன்னாங்க. தண்ணி விட்டா வளருதுன்னா கான்கிரீட்டும் மரந்தானங்க? இலுப்பை ஒண்ணு, இது ஒண்ணு. ஆக ரெண்டு மரம்."

அதிகாரி எதுவும் எழுதிக்கொள்ளாமல் போய்விட்டார்.

அந்த வருஷம் மரம் நடுவிழாவுக்கு லாரியில் கன்றுகள் வந்தன. நத்தைக்குடிக்காரர்கள் அவற்றை மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டு, சிமெண்டும் ஜல்லியும் குழைத்து, வீட்டுக்கு ஓர் உருண்டை நட்டார்கள். குப்பாண்டி தன் உருண்டையை இலுப்பைக்குப் பக்கத்தில் நட்டு, ஆடு மேய்ந்துவிடாமல் சுற்றிலும் முள்வேலி போட்டான்.

இன்றுவரை ஒரு ஆடும் அதைக் கடிக்கவில்லை. வேலி என்றால் குப்பாண்டி போட்ட வேலிதான் என்று ஊரே சொல்கிறது.