ஜமீன்தார் பெயரில் ஒரு காளான்

அடைமழை விட்டதும் கோம்பைக்காட்டு ஜமீன் தோட்டத்தில் நீல நிறத்தில் ஒரு காளான் முளைத்தது. அரண்மனை வைத்தியர் அம்பலவாணர் அதை முகர்ந்து பார்த்து, "உலகம் காணாத புது இனம் மகாராஜா!" என்று கூவினார்.

ஜமீன்தார் மார்த்தாண்டருக்குத் தலைகால் புரியவில்லை. "என் பெயரையே வையும்! அது சரி, உண்ணும் வகையா, விஷ வகையா?"

"யாராவது தின்றால் தெரிந்துவிடும்" என்ற வைத்தியர், சமையற்காரி வெள்ளத்தாயியைக் கைகாட்டினார்.

அவள் கைகட்டிச் சொன்னாள்: "தின்னுடறேன் மகாராசா. ஆனா நல்ல காளானா இருந்தா, நாளைக்குச் சந்தையில பொம்பளைங்க, 'மார்த்தாண்டரை நறுக்கி வதக்கினேன், உப்புதான் பத்தல'ன்னு பேசுவாங்களே! விஷமா இருந்தா, 'மார்த்தாண்டரால வாந்திபேதி'ன்னு ஊரே சொல்லுமே!"

கூடியிருந்தவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். ஜமீன்தார் மீசையைத் தடவி யோசித்தார். "என் பெயர் வேண்டாம். வைத்தியர் பெயரை வையுங்கள்!"

அம்பலவாணர் பதறிப்போனார். "ஐயையோ! இது புது இனமே இல்லை மகாராஜா. பழைய விஷக் காளான்தான்!"

"தெரிந்தேதான் இவளைத் தின்னச் சொன்னீரா?" என்று உறுமினார் ஜமீன்தார்.

வைத்தியர் மெல்லப் பின்வாங்க, வெள்ளத்தாயி முன்னால் வந்தாள். "பாருங்க மகாராசா, தன் பேரை வச்சதுமே ஐயாவுக்கு எப்படி அடையாளம் தெரிஞ்சுபோச்சு!"