ஓநாய்க்கு வந்த முறைக்காவல்

கூளப்பட்டிக்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. யார் என்ன சொன்னாலும் அப்படியே செய்துவிடுவார்கள். யோசித்துச் செய்கிற கெட்ட பழக்கம் அந்த ஊரில் ஒருத்தருக்கும் கிடையாது.

ஊருக்கே ஆடுதான் பிழைப்பு. காட்டிலிருந்து ஓர் ஓநாய் இறங்கி வந்ததும், கம்பும் கவணுமாக எல்லாரும் கிளம்பினார்கள். வனத்துறை அதிகாரி ஜீப்பில் பறந்து வந்தார்.

"ஓநாயைத் தொட்டா ஜெயில்! காலங்காலமா அதைப் பேயா, திருடனா, கெட்ட சகுனமாவே பார்த்துட்டீங்க. இனிமே அதையும் இந்த ஊர்க்காரனாப் பாருங்க" என்று சொல்லி, இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

நாட்டாமை குப்பாண்டி உடனே பஞ்சாயத்தைக் கூட்டினார். "ஊர்க்காரன்னா அவனுக்கும் முறை உண்டுல்ல?"

கூளப்பட்டியில் ஆட்டுப்பட்டியைக் காக்க வீட்டுக்கு ஒரு நாள் முறைக்காவல்.

"பின்ன? ஊர்ல இருந்துக்கிட்டுக் காவலுக்கு வராம இருந்தா எப்படி?" என்றான் தொட்டியப்பன். பல் பிடுங்க ஒரு தடவை டவுனுக்குப் போய் வந்ததிலிருந்து அவன்தான் ஊரில் விவரமானவன்.

நாட்டாமையின் மனைவி அங்கம்மாவுக்குப் பகீரென்றது. அவள் பால் புகட்டி வளர்த்த ஆடு செவலி, சினையாகப் பட்டியில் நின்றது. "என் செவலிய ஓநாய்கிட்டயா விட்டுட்டு வருவீங்க?"

"சும்மாவா விடறோம்? காவலுக்கு ஆள் போட்டுத்தானே விடறோம்!" என்றார் நாட்டாமை.

காட்டோரம் நின்று, "இன்னிக்கு உன் முறை!" என்று கூவிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார்கள். விடிந்து பார்த்தால் தொட்டியப்பனின் கிடாவைக் காணோம். காவல்காரனையும் காணோம்.

"எவனோ கிடாயத் திருடிட்டான். நம்ம ஆளு பாவம், அவனைத் துரத்திக்கிட்டுப் போயிருக்கான்" என்று தொட்டியப்பன் கண்கலங்கினான். கிடா போன துக்கத்தைவிட ஓநாயின் பொறுப்பு அவனை உருக்கிவிட்டது.

விசாரிக்க வேண்டுமே! தமுக்கடித்து ஓநாயைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள். வரவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். அப்போதும் வரவில்லை. நாட்டாமைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கிடா போனால் போகிறது, சபையை மதிக்காமல் இருப்பதா?

"ஓநாயை ஊரை விட்டுத் தள்ளி வெச்சாச்சு! அவனோட யாரும் பேசக் கூடாது, அவனைப் பார்க்கக் கூடாது. அவன் தொட்டவங்களும், அவங்களைத் தொட்டவங்களும் அதே மாதிரி தள்ளிவைப்புதான். எல்லாரும் காட்டுலதான் குடியிருக்கணும்!"

மறுநாள் பட்டப்பகலில் ஓநாய் வந்தது. ஊரே ஒழுங்காக முதுகைக் காட்டி நின்றது. அது ஆற அமரப் பட்டிக்குள் நுழைந்து செவலியின் வாலைக் கவ்வியது.

"ஐயோ, யாராச்சும் திரும்புங்களேன்! அட பாவி, விடுடா!" என்று அங்கம்மா அலறினாள்.

"அவனோட பேசாத அங்கம்மா" என்றார் நாட்டாமை, சுவரைப் பார்த்தபடி.

"நான் செவலிகிட்ட பேசறேன்!"

"அது அவன் வாயில இருக்கு. சொல்றது அவன் காதுலயும் விழும்ல?"

அங்கம்மா பாய்ந்து செவலியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இழுத்தாள். வால் நுனி ஓநாய்க்குப் போயிற்று, மீதி ஆடு அவளுக்கு வந்தது. செவலியை மடியில் போட்டுக்கொண்டு அவள் அழுத அழுகையில் நாட்டாமைக்கே மனசு இளகி, அவள் தோளைத் தொட்டுத் தேற்றினார்.

"தள்ளிவைப்பு! தொடாதீங்க!" என்று தொட்டியப்பன் அவரைப் பிடித்து இழுத்தான். தொட்டியப்பனை இன்னொருவன் இழுத்தான். அவனை இன்னொருத்தி இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் தொடாதவர் என்று ஊரில் ஒருத்தரும் மிச்சமில்லை.

சட்டம் என்றால் சட்டம்தான். சட்டி பானையோடு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊரே காட்டுக்குக் குடிபோனது. ஓநாய் மட்டும் போகவில்லை. அதோடுதான் யாரும் பேசக் கூடாதே, போகச் சொல்வது யார்?

ரெண்டு மாசம் கழித்து அதிகாரி மறுபடி வந்தபோது, நாட்டாமை வீட்டு வாசலில் ஓநாய் கால் நீட்டிப் படுத்திருந்தது. காட்டுக்குள் ஆளுக்கொரு மரத்தடியில் ஊர்க்காரர்கள் குந்தியிருந்தார்கள். அங்கம்மா மட்டும் சிரித்த முகமாக, செவலி போட்ட இரட்டைக் குட்டிகளுக்குத் தழை ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னய்யா கூத்து இது?" என்று அதிகாரி தலையில் கைவைத்தார்.

மரத்துக்குப் பின்னாலிருந்து நாட்டாமை கும்பிட்டார். "நீங்க சொன்னபடியே அவன் ஊர்க்காரன் ஆயிட்டானுங்க. இப்ப காட்டுல இருக்கறது நாங்க. எங்களுக்கும் அவனுக்கும் பேச்சு வார்த்தை இல்ல. அதனால எங்களைத் தொட்டா ஜெயிலுன்னு நீங்களே அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க!"